உள்ளே போனது எவ்வளவு?

சீனாவில் ஒரு பட்டறை. ஏறத்தாழ 70 சதுர மீட்டர் அறை, ஒரே கதவு, சன்னல் கிடையாது. பாலிஅக்ரிலேட் என்னும் பசைப்பூச்சைப் பாலிஸ்டைரீன் பலகைகளின் மேல் தெளித்து, சூடேற்றி உலர்த்துவது அங்கே வேலை. காற்றை வெளியே இழுக்கும் இயந்திரம் கெட்டுப்போய் ஐந்து மாதமாகியிருந்தது. குளிருக்குப் பயந்து கதவையும் சாத்தியே வைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஏழு பெண்களுக்கு மூச்சுத் திணறல் வந்தது. நுரையீரலைச் சுற்றியும் இதயத்தைச் சுற்றியும் நீர் கோத்தது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். பெய்ஜிங் மருத்துவர்கள் அவர்களுடைய நுரையீரல் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, செல்களுக்குள் சுமார் 30 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் தெரிந்தன. தெளித்த பசையிலும் அதே அளவுத் துகள்கள் இருந்தன. 2009இல் 'யூரோப்பியன் ரெஸ்பிரேட்டரி ஜர்னல்' இதழில் இது கட்டுரையாக வெளிவந்ததும் நானோ ஆராய்ச்சி உலகம் பதறிப்போனது.

பதற்றம் அடங்கியபின் கேள்விகள் எழுந்தன. அந்த அறையின் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை துகள்கள் மிதந்தன? பசையைச் சூடேற்றியபோது எழுந்த ஆவியில் வேறு என்னென்ன இருந்தன? அந்தப் பெண்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு உள்ளே இழுத்தார்கள்? எதற்கும் விடை இல்லை. வேலை நடந்த மாதங்களில் யாரும் அந்தக் காற்றை அளக்கவில்லை. அதனால் அவர்களைச் சாய்த்தது நானோ துகளா, பசையின் புகையா, இரண்டும் சேர்ந்ததா என்று இன்றுவரை அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

நானோ பொருள்களைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி, அவை நஞ்சா இல்லையா என்பதிலேயே போய்விடுகிறது. நஞ்சியல் முக்கியம்தான். ஆனால் ஒரு பொருள் எவ்வளவு கொடியது என்பது பாதிக் கணக்கு. எவ்வளவு உடலில் சேர்ந்தது, எந்த வழியாக, எந்த உருவத்தில், எத்தனை நாள் என்பது மறுபாதி. அந்த மறுபாதியைப் போடுவதுதான் கடினம். இந்தத் துறை தடுமாறுவதும் அங்கேதான்.

முதலில் அளவு. ஒன்றிலிருந்து நூறு நானோமீட்டருக்குள் அடங்கும் துகள்களை நானோ துகள்கள் என்கிறோம். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சிறிதாக இருப்பதால் மட்டும் இவற்றுக்குத் தனி மதிப்பு வந்துவிடவில்லை. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்குப் புறப்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதே கட்டியை ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் புறப்பரப்பு 6,000 சதுர மீட்டர் ஆகிவிடும். ஏக்கர் கணக்கில் சொன்னால் ஒன்றரை ஏக்கர். வேதிவினை நடப்பது புறப்பரப்பில்தான். ஆகவே எடை கொஞ்சமும் கூடாமல் வேலை செய்யும் பரப்பு மட்டும் கோடி மடங்கு பெருகுகிறது. வெள்ளியைக் கிருமிகொல்லியாகவும், டைட்டானியம் டை ஆக்சைடைத் தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும் சுவர்ப்பூச்சாகவும் மாற்றுவது இதுதான். உயிருள்ள செல்லோடு உரசும்போது வம்பு வரக் காரணமும் இதுதான்.

நானோ துகள்கள் இயற்கையிலும் ஏராளம். எரிமலைச் சாம்பல், கடல் தெறிக்கும் உப்பு, விறகடுப்புப் புகை, களிமண் எல்லாவற்றிலும் உண்டு. மனிதர் தெரியாமலே செய்ததும் உண்டு. கீழடிப் பானை ஓடுகளின் கருப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதை வேலூர் விஐடி ஆய்வாளர்கள் 2020இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதினார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குமுன் சூளையில் எப்படியோ உருவாகி ஓட்டோடு இறுகிப்போன குழாய்கள் அவை. இத்தனை காலமாக அவை பூச்சை விட்டு நகரவில்லை. அந்தப் பானையில் சோறுண்டவர் வயிற்றுக்குள் நானோகுழாய் போயிருக்குமோ என்ற கவலை தேவையில்லை. கெட்டியாக ஒன்றில் புதைந்திருப்பதும், பொடியாகக் காற்றில் பறப்பதும் வேறு வேறு. டென்னிஸ் மட்டையின் பிசினுக்குள் சிக்கியிருக்கும் நானோகுழாய் ஆடுபவரை ஒன்றும் செய்யாது. அந்தப் பிசினைக் கலப்பதற்குப் பொடியை அள்ளிக் கொட்டும் தொழிலாளியும், பிறகொரு நாள் அதை அறுத்துத் தேய்ப்பவரும்தான் கவனிக்கப்பட வேண்டியவர்கள்.

சீனப் பட்டறைக்கு நேர் எதிரான கதை ஒன்று ஜெர்மனியில் நடந்தது. 2006 மார்ச் மாதக் கடைசியில் 'மேஜிக் நானோ' என்ற குளியலறை ஸ்ப்ரே கடைக்கு வந்தது. சில நாள்களுக்குள் நூறு பேர் அளவில் இருமல், மூச்சுத் திணறல் என்று நச்சு உதவி மையங்களை அழைத்தார்கள். சிலர் நுரையீரலில் நீர் கோத்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நானோ ஆபத்து வந்தேவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின. பொருளைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு அந்நாட்டு அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் பரிசோதனை முடிவைச் சொன்னது: அந்த ஸ்ப்ரேயில் நானோ துகள்களே இல்லை. 'நானோ' பெயரில் மட்டும்தான் இருந்தது. அதே கலவையை அழுத்திப் பீய்ச்சும் பம்ப் பாட்டிலில் விற்றபோது இப்படிப் புகார் வரவில்லை. வாயு நிரப்பிய டப்பாவுக்கு மாற்றியதும் துளிகள் நுண்ணிய பனியாகி நுரையீரலின் ஆழம்வரை போய்விட்டன. சீனப் பட்டறையில் நானோ இருந்தது, அளவு தெரியவில்லை. ஜெர்மனியில் அளந்து பார்த்தார்கள், நானோவே இல்லை. இரண்டிலும் மூச்சு வழியே போன ஏதோ ஒன்றுதான் வினையாகியது.

அளப்பது எப்படி? காற்றிலுள்ள தூசியை எண்ணும் வித்தை பழையது. 1880களின் இறுதியில் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் எய்ட்கன் ஒரு சிறு கருவி செய்தார். ஈரமான காற்றைச் சட்டென்று விரியவிட்டால் அது குளிரும். குளிர்ந்ததும் ஒவ்வொரு தூசியின் மேலும் நீர் படிந்து துளியாகும். துளிகள் கட்டம் போட்ட தகட்டில் விழும். உருப்பெருக்கியால் பார்த்து எண்ணிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத துகளைத் தெரிகிற அளவுக்கு வளர்த்து எண்ணுகிற யோசனை எனக்கு எப்போதும் பிடித்தமானது. இன்றைய கருவிகளிலும் அதே யோசனைதான். நீராவிக்குப் பதில் பியூட்டனால் ஆவி, கண்ணுக்குப் பதில் லேசர். பத்து நானோமீட்டர் துகளைக்கூட விடாமல் எண்ணிவிடும்.

ஆனால் அது எண்ணும், இனம் காணாது. போக்குவரத்து மிகுந்த சாலையோரக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரக்கணக்கில் நானோ துகள்கள் மிதக்கின்றன. பெரும்பாலும் டீசல் புகை. சமையலறையில் எண்ணெய் காய்ந்தால் எண்ணிக்கை தாறுமாறாக ஏறும். தூசியுறிஞ்சியின் மோட்டாரிலிருந்துகூட நானோ துகள்கள் வரும். ஓர் ஆலையில் கருவி 'இருபதாயிரம்' என்று காட்டினால், அதில் எத்தனை அந்த ஆலை செய்யும் நானோ பொருள், எத்தனை வாசலில் நிற்கும் லாரியின் புகை? அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் கடைப்பிடிக்கும் வழி பொறுமையைச் சோதிப்பது. வேலை தொடங்குமுன் பின்னணியை அளக்க வேண்டும், வேலையின்போது அளக்க வேண்டும், முடிந்தபின் மறுபடியும். கூடவே தொழிலாளியின் சட்டைக் காலரில், மூக்குக்கு அருகே, வடிகட்டி ஒன்றை மாட்டி, இடுப்பிலுள்ள சிறு பம்ப்பால் காற்றை அதன் வழியே இழுக்க வேண்டும். நாள் முடிவில் அதில் சிக்கியதை எடுத்துப்போய், வேதிப்பகுப்புக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் கொடுப்பார்கள். கடைசியில் ஒரு மனிதர் திரைமுன் அமர்ந்து, இது புகைக்கரி, இது நம்முடைய குழாய் என்று பிரித்தாக வேண்டும். ஒரு தொழிற்கூடத்துக்கு இப்படிச் செய்து முடிப்பதற்குள் செலவு எகிறிவிடும். சிறு பட்டறைகள் இதைச் செய்யாததில் வியப்பில்லை.

செய்து பார்த்தால் எதிர்பாராதது கிடைக்கும். 2004இல் ஆண்ட்ரூ மேனார்டும் சகாக்களும், ஒற்றைச்சுவர்க் கார்பன் நானோகுழாய் தயாரிக்கும் இடங்களில் அளந்தார்கள். இறகைவிட லேசான கரும்பொடி அது; அள்ளும்போது மேகமாய்ப் பறக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். காற்றில் கிடைத்தது கன மீட்டருக்கு 53 மைக்ரோகிராமுக்கும் கீழே. கையுறைகளைக் கழற்றிப் பார்த்தபோதோ ஒரு கைக்கு 0.2 முதல் 6 மில்லிகிராம்வரை ஒட்டியிருந்தது. குழாய்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பந்து பந்தாகத் திரண்டுவிட்டதால் அதிகம் பறக்கவில்லை. மூக்கையே காவல் காத்துக்கொண்டிருந்தவர்கள் கையை மறந்திருந்தார்கள்.

எதைக் கொண்டு அளப்பது என்பதும் தீராத வழக்கு. தொழிற்சாலைத் தூசிக்கு வழக்கமாக எடைதான் கணக்கு: கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம். ஒரு மைக்ரான் விட்டமுள்ள ஒரே துகளும், பத்து நானோமீட்டர் விட்டமுள்ள பத்து லட்சம் துகள்களும் ஒரே எடைதான். தராசு இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். புறப்பரப்போ நூறு மடங்கு வேறுபடும். எலிகளின் நுரையீரலில் டைட்டானியம் டை ஆக்சைடு எழுப்பிய அழற்சி, எடையைவிடப் புறப்பரப்போடுதான் நன்றாகப் பொருந்தியது என்று 1990களிலேயே குந்தர் ஓபர்டார்ஸ்டர் குழு காட்டியது. அதையொட்டி 2011இல் நியோஷ் ஒரே பொருளுக்கு இரண்டு வரம்புகளைப் பரிந்துரைத்தது. சாதாரண நுண்பொடிக்குக் கன மீட்டருக்கு 2.4 மில்லிகிராம், நானோ பொடிக்கு 0.3. ஒரே வேதிப்பொருளுக்கு அளவைப் பொறுத்து எட்டு மடங்கு வேறுபாடு.

கார்பன் நானோகுழாய்க்கு வந்த வரம்பில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 2008இல் எடின்பரோ ஆய்வாளர்கள், நீளமான பல்சுவர் நானோகுழாய்களை எலியின் வயிற்றறைக்குள் செலுத்தினால் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் செய்வதைப் போன்ற புண் உண்டாகிறது என்று காட்டியிருந்தார்கள். குட்டையான, சுருண்ட குழாய்கள் அப்படிச் செய்யவில்லை. இழை நீளமாக இருந்தால் விழுங்கு செல்களால் முழுசாக விழுங்க முடிவதில்லை. 2013இல் நியோஷ் கன மீட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்று வரம்பு சொன்னது. அதற்குக் கீழே ஆபத்தில்லை என்று தெரிந்ததால் வந்த எண் அல்ல அது. அன்றைய முறைகளால் நம்பகமாக அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவு அவ்வளவுதான். இப்படிக் கருவியின் திறமையே பாதுகாப்பின் எல்லையாகிவிடும் நிலையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதற்காகவாவது அந்த நிறுவனத்தைப் பாராட்டலாம்.

உடலுக்குள் போனபின் என்ன ஆகிறது? இருபது நானோமீட்டர் அளவுள்ள துகள்களில் பாதி நுரையீரலின் கடைக்கோடிக் காற்றறைகளில் படிந்துவிடுகிறது. அங்கிருந்து இரத்தத்துக்குத் தாவுமா என்பதை மனிதர்களிடமே சோதித்தார்கள். அதற்குத் தங்கத்தைத் தேர்ந்தார்கள். தங்கம் மந்தமானது, உடலில் இயல்பாக இல்லாதது, ஆகவே தேடினால் சிக்கும். 2017இல் வெளிவந்த எடின்பரோ ஆய்வில் தன்னார்வலர்கள் தங்க நானோ துகள் கலந்த காற்றைச் சுவாசித்தார்கள். ஒரு நாளுக்குள் இரத்தத்திலும் சிறுநீரிலும் தங்கம் தென்பட்டது. மூன்று மாதம் கழித்தும் இருந்தது. 30 நானோமீட்டர் துகள்களைவிட 5 நானோமீட்டர் துகள்கள் அதிகம் புகுந்தன. அடைப்புக்காகக் கழுத்துத் தமனியில் அறுவை செய்யப்பட்ட நோயாளிகளிடம், அடைப்பு இருந்த இடத்திலேயே தங்கம் சேர்ந்திருந்தது.

தோலின் கதை சற்று ஆறுதலானது. அதை அளந்த விதமும் அழகு. நம் இரத்தத்தில் ஏற்கெனவே துத்தநாகம் உண்டு. சன்ஸ்கிரீனிலிருந்து கொஞ்சம் புகுந்தால் எப்படிப் பிரித்தறிவது? சிட்னி மக்குவாரி பல்கலைக்கழகத்தின் பிரையன் கல்சன் குழு, இயற்கைத் துத்தநாகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும் துத்தநாகம்-68 ஐசோடோப்பை மட்டும் செறிவூட்டி எடுத்து, அதிலிருந்து சன்ஸ்கிரீன் செய்தது. இருபது பேர் அதைப் பூசிக்கொண்டு ஐந்து நாள் கடற்கரை வெயிலில் இருந்தார்கள். 2010இல் முடிவு வந்தது. அந்த ஐசோடோப்பு இரத்தத்துக்குள் வந்திருந்தது. ஆனால் இரத்தத்திலுள்ள மொத்தத் துத்தநாகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். துகளாகவே புகுந்ததா, கரைந்து அயனியாகப் புகுந்ததா என்று அந்த முறையால் சொல்ல முடியவில்லை. வெயிலால் வரும் தோல் புற்று ஆஸ்திரேலியாவில் எவ்வளவு பரவலானது என்பதை நினைத்தால், அந்த ஆயிரத்தில் ஒரு பங்குக்காகச் சன்ஸ்கிரீனைத் தூக்கியெறிவது அறிவீனம். அதே பொருளை ஸ்ப்ரேயாக முகத்தில் அடித்துக்கொள்வதற்கு இந்த ஆறுதல் பொருந்தாது.

உணவில் வெண்மைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, அதாவது இ171, நானோ பொருள் என்று விற்கப்பட்டதே இல்லை. 2012இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் வெஸ்டர்ஹாஃப் குழு அதைப் பார்த்தபோது, எண்ணிக்கையில் ஏறத்தாழ 36 விழுக்காடு துகள்கள் நூறு நானோமீட்டருக்குக் கீழே இருந்தன. மிட்டாயிலும் சூயிங்கத்திலும்தான் அதிகம். ஆகவே உடல் எடைக்கு விகிதப்படிப் பார்த்தால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் வயிற்றில்தான் கூடுதலாகப் போகிறது. இது பாதுகாப்பானது என்று இனி கருத முடியாது என 2021இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதைத் தடைசெய்தது.

மனித உடலையே இவ்வளவு பாடுபட்டு அளக்க வேண்டியிருக்கிறது என்றால், ஆறும் மண்ணும் இன்னும் சிக்கல். 2008இல் இதே வெஸ்டர்ஹாஃபும் அவர் மாணவர் ட்ராய் பென்னும் கடையில் விற்ற நானோவெள்ளிக் காலுறைகளை வாங்கி வந்து, தண்ணீரில் போட்டு அலசினார்கள். காலுறை நாறாமல் இருக்க வெள்ளி கலந்திருந்தார்கள். சில காலுறைகள் நாலே அலசலில் ஏறக்குறைய எல்லா வெள்ளியையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டன. சிலவற்றிலிருந்து ஒன்றும் வரவில்லை. அட்டையில் எழுதியிருந்ததைக் கொண்டு எது எப்படி என்று சொல்லவே முடியாது. வெளியே வந்ததிலும் ஒரு பகுதி துகள், ஒரு பகுதி அயனி.

சாக்கடைக்குள் நுழைந்த வெள்ளி வெள்ளியாக நீடிப்பதில்லை. கழிவுநீரில் சல்ஃபைடு மிகுதி. சுவிட்சர்லாந்தின் நீரியல் ஆய்வு நிறுவனமான ஈவாகில் ரால்ஃப் கேகி குழு, ஒரு சோதனைச் சுத்திகரிப்பு நிலையத்தில் நானோவெள்ளியை ஊற்றிப் பின்தொடர்ந்தது. பெரும்பகுதி வெள்ளி சல்ஃபைடாக மாறிக் கசடோடு ஒட்டிக்கொண்டது. வெள்ளி சல்ஃபைடு எளிதில் கரையாது, நச்சும் குறைவு. புட்டிக்குள் இருந்த பொருளை வைத்துச் செய்த நச்சுச் சோதனை, ஆற்றுக்கு வந்துசேரும் பொருளுக்குச் செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். அப்புறம் கசடு எங்கே போகிறது? அமெரிக்காவில் பெருமளவு வயலுக்கு உரமாகப் போகிறது. சுவிட்சர்லாந்தில் வயலில் போடத் தடை; எரித்துவிடுகிறார்கள். எரித்தால்? அதையும் சோதித்தார்கள். சுவிஸ் நகராட்சிக் குப்பை எரியுலை ஒன்றில் சீரியம் ஆக்சைடு நானோ துகள்களைக் கிலோக்கணக்கில் தெளித்து எரித்தார்கள். 2012இல் முடிவு வெளியானது. புகைபோக்கி வழியாக ஏறக்குறைய ஒன்றும் தப்பவில்லை, வடிகட்டிகள் பிடித்துவிட்டன. துகள்களோ அழியவுமில்லை, சாம்பலில் அப்படியே இருந்தன. ஒரே காலுறை, ஒரு நாட்டில் கோதுமை வயலுக்கும் இன்னொரு நாட்டில் சாம்பல் மேட்டுக்கும் போய்ச் சேருகிறது.

ஆற்றில் தேடுவதில் ஒரு சிக்கல்: செயற்கைத் துகள் அங்கே ஆற்றில் கரைத்த புளி. டைட்டானியம் பூமியின் மேலோட்டில் தாராளமாக இருப்பது. களிமண்ணிலேயே அதன் நானோ துகள்கள் உண்டு. வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் கண்டார்கள். இயற்கை டைட்டானியக் கனிமங்களோடு அலுமினியம், நியோபியம் போன்றவை கூடவே வரும். ஆலையில் சுத்தம் செய்த வெள்ளைப் பொடியில் அவை இராது. நகருக்குள்ளேயே இருக்கும் பழைய டான்யூப் ஏரியில் கோடைதோறும் ஆயிரக்கணக்கானோர் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு குளிக்கிறார்கள். ஓராண்டு முழுக்க அந்த நீரை எடுத்துப் பார்த்து, குளிக்கும் பருவத்தில் அலுமினியத்தோடு ஒப்பிட்ட டைட்டானிய விகிதம் ஏறுவதை 2014இல் காட்டினார்கள். பருவம் முடிந்ததும் விகிதம் இறங்கிவிட்டது. துகள்கள் திரண்டு அடியில் படிந்தன.

நேரில் அளக்க முடியாத இடத்தில் கணக்குப் போடுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிறுவனத்தின் பெர்ண்ட் நோவாக் 2008 முதல் இதைத்தான் செய்கிறார்: ஒரு நாட்டில் எத்தனை டன் நானோவெள்ளி உற்பத்தியாகிறது, அதில் எவ்வளவு துணிக்கு, எவ்வளவு சாயத்துக்கு, தேய்ந்து போவது எவ்வளவு, சாக்கடையில் நிற்பது எவ்வளவு என்று பொருளின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து, கடைசியில் ஆற்றில் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடுவது. அவர்களுடைய 2009 கணக்கில் ஐரோப்பிய ஆறுகளில் நானோவெள்ளி லிட்டருக்கு ஒரு நானோகிராமுக்கும் கீழே. ஆய்வகங்களில் மீனையும் நீர்ப்பூச்சியையும் சோதிக்கும்போது லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் ஊற்றுவார்கள், அதாவது பத்து லட்சம் மடங்கு. 'நானோவெள்ளி மீன்களைக் கொல்கிறது' என்று செய்தி படித்தால் இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கின் அடித்தளமும் பலவீனம்தான்: உற்பத்தி எவ்வளவு என்பதை நிறுவனங்கள் சொல்வதில்லை.

இந்தக் கணக்குகள் எல்லாம் சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் நாடுகளுக்குப் போட்டவை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020–21 கணக்கின்படி இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது. உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர். மீதி அப்படியே ஆற்றுக்கும் ஏரிக்கும். சாக்கடைக்குள்ளேயே ஓரளவு சல்ஃபைடாக மாறும் என்றாலும், கசடில் சிக்கி நிற்கும் என்ற ஐரோப்பிய அனுமானத்தைக் கூவத்துக்கும் நொய்யலுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நம் வீடுகளுக்கு நானோ வந்து வெகுநாளாயிற்று. சென்னை ஐஐடியில் தலப்பில் பிரதீப் குழு, வெள்ளி நானோ துகள் கொண்டு தண்ணீரிலிருந்து பூச்சிக்கொல்லி எச்சத்தை நீக்கும் வழியைக் கண்டுபிடித்து, 2007வாக்கில் அது வடிகட்டியாகச் சந்தைக்கு வந்தது. 2009இல் வந்த டாடா ஸ்வச் வடிகட்டியில் உமிச்சாம்பலோடு நானோவெள்ளி. அங்கே துகள் படுகையில் ஒட்டியிருக்கிறது, எவ்வளவு கழன்று வருகிறது என்பதைக் குடிநீரிலேயே சோதிக்கலாம், வெள்ளிக்கு வரம்பும் தெரியும். எனக்கு அதில் பெரிய கவலை இல்லை.

வயல்தான் கவலை தருகிறது. 2021இல் உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ நானோ யூரியாவைக் கொண்டுவந்தது. அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம் என்று விளம்பரம். விளைச்சல் உண்மையிலேயே குறையாதா என்று லூதியானா பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். விவாதம் முழுக்க அதைச் சுற்றியே நடந்தது. தெளிப்பவரின் மூச்சைப் பற்றி அந்த விவாதத்தில் பேச்சு குறைவு. யூரியா தண்ணீரில் எளிதாகக் கரைந்துவிடுவது. துகளாக நுரையீரலில் தங்கும் பயம் அதில் குறைவு என்பது என் எண்ணம். துத்தநாகம், தாமிரம் போன்றவை நானோ வடிவில் வரும்போது அப்படிச் சொல்ல முடியாது. தெளிக்கும்போது துகளின் அளவைவிடத் துளியின் அளவு முக்கியம். முதுகில் சுமக்கும் கைத்தெளிப்பானின் துளிகள் பெரும்பாலும் நூறு மைக்ரானுக்கு மேல். அவை மூக்கோடு நின்றுவிடும், அல்லது தோலில் விழும். பத்து மைக்ரானுக்குக் கீழே போகும் துளிகள்தான் நுரையீரல்வரை போகும். விசைத்தெளிப்பானும் டிரோனும் வந்தபின் துளி நுண்மையாகி, காற்றில் அடித்துக்கொண்டு பக்கத்து வயலுக்கும் போகிறது. வாய்க்குத் துண்டைக் கட்டிக்கொண்டு மருந்தடிப்பதுதான் நம் ஊர் வழக்கம். துண்டு இந்த நுண்துளிகளைத் தடுக்காது. என்95 முகக்கவசம் தடுக்கும். மிகச் சிறிய துகள்கள் அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை தாறுமாறாக அலைந்து இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

2020இல் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை வேளாண், உணவு நானோ பொருள்களை மதிப்பிட வழிகாட்டி வெளியிட்டது. நல்ல ஆவணம். வழிகாட்டி தானாக எதையும் அளக்காது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நானோ தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது; தொழில்நோய் மருத்துவம் தெரிந்தவர்கள் மாநிலத்தில் இருக்கிறார்கள்; பம்ப்பும் வடிகட்டியும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. டெல்டாவில் ஒரு பருவம், கொங்கில் ஒரு பருவம், மருந்தடிப்பவரின் காலரில் வடிகட்டியை மாட்டி, கையுறையில் ஒட்டியதையும் சேர்த்து அளந்து, கிடைக்கும் எண்ணை விவசாயிக்குப் புரியும் தமிழில் வெளியிடுங்கள். அதுவரை, நானோ உரம் விற்பவர் பாதுகாப்பானது என்று சொன்னால், யார் எங்கே அளந்தார்கள் என்று வாங்குபவர் கேட்க வேண்டும்.